குதிக்காத பூனைகளின் வம்சம்

எங்கள் பூனைக்கு நல்ல வளர்ப்பு என்று மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வரிசை முழுக்கப் பேச்சு இருந்தது. அது மேசை மேல் ஏறாது. அடுப்புத் திட்டில் கால் வைக்காது. சாமி மாடத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. மீனைக் கழுவித் தட்டில் வைத்துவிட்டு நான் வாசலில் யாருடனாவது வாயளந்துகொண்டு நிற்பேன். திரும்பி வந்து பார்த்தால் மீன் மேசையில் இருக்கும், பூனை தரையில் இருக்கும். நான் பேச ஆரம்பித்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தப் பூனையின் பொறுமை எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அதைக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு மாமி. மெர்டேக்கா, அதுதான் நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த மறுவருடம் நாங்கள் அங்கே குடிபோனோம். என் வீட்டுக்காரர் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நின்றார். நான் வீட்டிலிருந்தபடி ரவிக்கை தைத்தேன். மாமி மலாக்கா செட்டி சமூகத்துப் பெண். அவர் கும்பிடும் சாமி நம் சாமிதான், நெற்றியில் திருநீறும் உண்டு. ஆனால் கட்டுவது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். தமிழில் உறவு முறைகளும் சில சாமான்களின் பெயர்களும்தான் அவருக்கு வரும். எனக்கோ அப்போது சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத்தான் மலாய். இருந்தும் வேலியோரம் நின்று ஊர்வம்பு பேச எங்களுக்கு அது தாராளமாகப் போதுமானதாக இருந்தது. அவர் சொன்னவற்றை இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன்.

குதிக்காத பூனைக்கு அந்த வீடுகளில் ஏன் அவ்வளவு மதிப்பு என்பதைச் சொல்லிவிட வேண்டும். மூத்தோருக்குப் படைப்பது அவர்களுக்குப் பெரிய காரியம். பொங்கலுக்கு முன்னால் படைப்பார்கள், பழங்கள் வரும் காலத்தில் படைப்பார்கள், மாமி வீட்டில் கல்யாணத்துக்கு முன்னாலும் படைப்பார்கள். இறந்துபோனவர்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து வாழையிலையில் வைக்க வேண்டும். சமைக்கும்போது உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. மூத்தோருக்கு முன் யார் வாய் பட்டாலும், அது பூனை வாயாக இருந்தாலும், அத்தனையும் எச்சில். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மறுபடி உலை வைக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட வீட்டில் மேசை மேல் தாவாத பூனை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

மாமி குடும்பத்தில் அந்தப் பூனைகள் அவருடைய அம்மா காலத்திலிருந்து இருந்தன. 'சோப்பான்' என்பார் மாமி, மரியாதை தெரிந்தவை என்று. அந்தக் குடும்பத்துப் பெண் கல்யாணமாகிப் போகும்போது கூடவே ஒரு குட்டியும் போகும். மாமியும் அப்படி ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் இந்த வீட்டுக்கு வந்தாராம். இப்போது அவருடைய ஒரே மகளுக்குச் சிரம்பானில் மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார்கள். மாமியின் பூனைக்கு வயதாகிவிட்டது, அது கடைசியாகப் போட்ட குட்டிதான் எங்கள் வீட்டுக்கு வந்தது. கல்யாணத்துக்குள் அது வளர்ந்துவிடும், மகள் மடியில் போக அதன் குட்டிதான் வேண்டும். என் மடியில் அதை வைத்த அன்றே மாமி சொல்லிவிட்டார்.

"நாக், இது போடுற மொதக் குட்டி என் மகளுக்கு. அதை மட்டும் யாருக்கும் வாக்குக் குடுத்துறாத."

நாக் என்றால் பிள்ளை. என்னை அப்படி யாராவது கூப்பிட்டால் நான் எதற்கும் தலையாட்டிவிடுவேன். அன்றைக்கும் ஆட்டினேன்.

பூனை வளர்ந்தது. வால் மட்டும் சரியாக வளரவில்லை. குட்டையாக, தடித்து, வளையாமல் நின்றது. கால்களும் கட்டை. கணுக்கால் பக்கம் உருண்டு பருத்திருக்கும். அளவு சேராத சப்பாத்தை மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி ஊன்றி ஊன்றி நடக்கும். எங்களுக்கு அது அழகாகவே தெரிந்தது. தையல் மிஷினுக்குப் பக்கத்தில் பெரிய மனுஷி போல உட்கார்ந்து ரவிக்கை தைக்க வரும் பெண்களை ஏற இறங்கப் பார்க்கும். "பூனையப் பாரு, எவ்ளோ அடக்கம்" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அப்படிச் சொல்லும்போது அவர் கண் என் மீதுதான் இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் சுவரில் ஒரு பல்லி கீழிறங்கி வந்தது. நான் ஒரு ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தேன். பூனை பல்லியைப் பார்த்தது. பார்த்த மாத்திரத்தில் அதன் உடம்பே மாறிப்போனது. காது முன்னால் வந்தது, முதுகு தாழ்ந்தது, பின்பக்கம் ஆடியது. தெருவில் திரியும் பூனைகள் செய்வதெல்லாம் அதுவும் செய்தது. பிறகு குதித்தது. ஒரு முழம்கூட எழும்பவில்லை. தரையில் கால் பட்டதும் அது போட்ட சத்தத்தில் நான் ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன். ஓடிப்போய்த் தூக்கினேன். பின்னங்காலில் என் கை பட்டதும் கடித்துவிட்டது. அதுவரை ஒரு தடவைகூட அது என்னைக் கடித்ததில்லை.

கடித்ததில் எனக்குக் கோபம் வரவில்லை. என் கோபம் உங்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் இதை நம்பவும் மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு வந்தது வேறு. பூனையைக் கீழே விட்டுவிட்டு அதைப் பார்த்தபடியே இருந்தேன். முதுகு ரோமமெல்லாம் சிக்குப் பிடித்துக் கிடந்தது. தன் முதுகை அது நக்கி நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சாயந்தரம் மீனை மேசையில் வைத்துவிட்டுக் கதவோரம் ஒளிந்து நின்றேன். பூனை மேசைக்கடியில் வந்து அண்ணாந்து பார்த்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கியது. தூக்கிய கால் நடுங்கியது. அப்படியே கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. அதற்கு ஆசை இருந்தது. நாங்கள் மெச்சிய அடக்கம்தான் இல்லை.

என் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவர் உடனே தைலப் புட்டியை எடுத்தார். அவருக்குத் தலைவலி, வயிற்றுவலி, கடையில் வியாபாரம் மந்தம், எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. நான் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் பூனையின் நான்கு கால்களிலும் தேய்த்துவிட்டார். அது காலை நக்கிற்று. கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை தள்ளி, சாப்பிட்டதையெல்லாம் கக்கிவிட்டது. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அந்த வாடை போவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவருக்கு அன்று கிடைத்த வசவை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறுநாள் கடைக்குப் போகும் வழியில் அவரே போய் மிருக வைத்தியர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்து வந்தார்.

ரோத்தான் பிரம்புக் கூடையில் பூனையை வைத்துக்கொண்டு பெச்சா ரிக்ஷா ஏறி அவரிடம் போனேன். அங்கே ஆடு நின்றது, கூடை கூடையாகக் கோழி இருந்தது, ஒருவர் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூனைக்கு வைத்தியம் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் எல்லோர் முகத்திலும் ஒரு சிரிப்பு. "பூனைக்கு என்னா, ஜலதோஷமா?" என்றார் கன்றுக்குட்டிக்காரர். "இல்ல, உங்க கண்ணுக்குட்டியப் பாத்துப் பயந்துருச்சு" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

வைத்தியர் யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த மனிதர். முதலில் பூனையைத் தரையில் விட்டு நடக்கவிட்டுப் பார்த்தார். அப்புறம் மேசையில் வைத்து, கணுக்காலையும் முழங்காலையும் வாலையும் மெதுவாக, ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார்.

"எப்ப தொட்டு இப்பிடி நடக்குது?"

"பொறந்ததுலேருந்தே அப்படித்தான் டாக்டர். ரொம்ப அடக்கமான பூனை. மேசையில ஏறாது, ஒண்ணும் செய்யாது."

"அடக்கமோ!" என்றார். "பிள்ளை, இதுக்கு நோகுது. குதிச்சா நோகும் எண்டு அதுக்குத் தெரியும். அதுதான் குதிக்கிறேல்லை. தாய்க்கும் இப்பிடித்தானோ வால்?"

"ஆமா டாக்டர். அதோட அம்மாவுக்கும் அப்படித்தானாம்."

"அப்ப இது பரம்பரையா வாறது. எலும்பு மூட்டைச் சுத்திக் கண்டபடி வளர்ந்து கிடக்கு. மாடு எண்டா நான் இன்னும் விவரமாச் சொல்லுவன், பூனையைப் பற்றி அவ்வளவு படிக்கேல்லை. ஆனா ஒண்டு தெரியும். இதை மாத்த ஏலாது. நோவைக் குறைக்கலாம்."

எப்படிக் குறைப்பது என்பதை அவர் நிதானமாகச் சொன்னார். தைலம் கூடவே கூடாது, பூனை நக்கிவிடும். மனிதர்கள் விழுங்கும் வலி மாத்திரையைக் கிள்ளிக்கூடக் கொடுக்கக் கூடாது, செத்துவிடும். ரொம்பவும் முடியாத நாளில் மட்டும் கொடுக்கத் தன் கையால் நிறுத்துத் துளித் துளியாகப் பொடி மடித்துத் தந்தார். கொடுத்தால் அடுத்தடுத்த நாள் கொடுக்காதே, வாந்தி எடுத்தால் நிறுத்திவிட்டு என்னிடம் வா என்றார். சோற்றைக் குறைக்க வேண்டும், உடம்பு கனத்தால் மூட்டு தாங்காது. படுக்க மெத்தென்று இடம் வேண்டும். மூட்டுக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் நல்லது. கூடையை நான் மூடும்போது கடைசியாக ஒன்று சொன்னார்.

"குட்டி போட விடாதேங்கோ. குட்டியளுக்கும் இது வரும். நீங்கள் ஓம் எண்டா நானே ஒப்பரேசன் செய்து விடுறன்."

வரும் வழியெல்லாம் அந்த ஒப்பரேசன்தான் மடியில் கனத்தது. பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதை என்பார்களே, என் கதை அதற்கும் மேல். மாமி அந்தக் குட்டிக்காகக் காத்திருந்தார். எனக்கு மாமியைப் பிடிக்கும். அந்த ஊரில் என்னைப் பிள்ளை என்று கூப்பிட அவர் ஒருவர்தான் இருந்தார். ஆனாலும் அந்த நடுங்கிய காலை நான் பார்த்துவிட்டேனே. அவருக்குத் தெரியாமல் செய்ய எனக்கு மனமில்லை. அன்றே வேலியோரம் போய் வைத்தியர் சொன்னதையெல்லாம் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

மாமி கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது.

"நாக், நான் ஒனக்கு நோய் பிடிச்ச பூனையவா குடுத்தேன்? அது எங்க அம்மா கையால வளத்த வம்சம். ஒரு தடவ எச்சில் பண்ணினது உண்டா? அந்த டாக்டருக்கு மாட்டத் தவிர என்னா தெரியும்?"

"அது குதிக்க ஆசப்படுது மாமி. முடியல. நான் பாத்தேன்."

"அப்போ என் மக வெறுங்கையோட போகணுமா?"

என் வாய் எப்போதும் என்னைவிட ஒரு அடி முன்னால் போகும். "குட்டியக் குடுத்தா நீங்க குடுத்தனுப்புறது வலியைத்தான் மாமி" என்று சொல்லிவிட்டேன். சொன்னது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. மாமி உள்ளே போய் எங்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அந்த ஜன்னல் வழியாகத்தான் அவர் வீட்டுச் சம்பாலும் அச்சாரும் என் வீட்டுக் குழம்பும் போய் வந்துகொண்டிருந்தன. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

ஒப்பரேசன் நடந்தது. மயக்கம் தெளியாத பூனையைக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தையல் காயும்வரை என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் பூனை நடை நடந்தார். தைலப் புட்டிக்குப் பரிகாரம் போல, பால்டின் வந்த மரப்பெட்டிகளை உடைத்துத் தாழ்வாகப் படிகள் செய்தார். ஒன்று கட்டிலுக்கு, ஒன்று ஜன்னலுக்கு. பூனை வெளிக்குப் போகும் மண்தட்டின் ஒரு பக்கத்தை அது காலைத் தூக்காமல் உள்ளே போகும்படி வெட்டிவிட்டார். அது எதையும் பிறாண்டாததால் நகம் வளர்ந்து பாதத்தில் குத்திக்கொண்டிருந்தது. அதை நான் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். காலையிலும் சாயந்தரமும் கல்லுப்பை வறுத்து, தையலில் மிஞ்சிய துணியில் முடிந்து, முதலில் என் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு அதன் காலில் ஒத்தடம் கொடுத்தேன். முதலில் சீறியது. பிறகு உப்பு வறுபடும் சத்தம் கேட்டாலே வந்து படுத்துக்கொள்ளும்.

மாமி பேசாவிட்டாலும் மகள் வந்தாள். கல்யாணக் கெபாயாவுக்கு அளவு பார்க்க வேண்டுமே. என் தையலை விட மாமிக்கு மனமில்லை, கோபம் வேறு, தையல் வேறு. அந்தப் பெண் பூனையின் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஒத்தடம் கொடுப்பதைப் பார்த்தாள். "எங்க பூனையும் மழைன்னா அடுப்புகிட்டயே கெடக்கும் அக்கா. நாங்க சோம்பேறின்னு சொல்லுவோம்" என்றாள். அடுத்த முறை வந்தபோது முடிச்சைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். கன்னத்தில் வைத்துச் சூடு பார்க்க நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

நாளாக ஆக மாற்றம் தெரிந்தது. மழை நாட்களில் மட்டும் பொடி தேவைப்பட்டது. பூனை படியேறி ஜன்னலில் உட்கார்ந்தது. ஒரு காலையில் உடம்பை வளைத்துத் தன் முதுகை நக்கியது. பாதி முதுகுதான் எட்டியது. நான் மிஷினை நிறுத்திவிட்டு அது நக்கி முடிக்கும்வரை பார்த்தேன். பிள்ளை முதல் அடி எடுத்து வைத்தால் பெற்றவளுக்கு என்ன சந்தோஷமோ அதுதான் எனக்கு. ரவிக்கை வாங்க வந்த பெண் இன்னும் முடியவில்லையா என்று கேட்டாள். நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தைய படையல் வந்தது. கோபம் இருந்தாலும் பக்கத்து வீட்டை அழைக்காமல் விடும் வழக்கம் மாமிக்கு இல்லை. மகளை அனுப்பி என்னைக் கூப்பிட்டார். போனேன். உறவுப் பெண்கள் அடுப்படி நிறைய இருந்தார்கள். மாமி என்னைப் பார்க்காமலே ஒரு தட்டு மிளகாயை என் முன்னால் நகர்த்தினார். நானும் பேசாமல் அரைத்தேன். விருந்தாளிகளுக்காகக் கொண்டுவந்த பெஞ்சுகளை அடுப்படிச் சுவரோரம் மேசையை ஒட்டிப் போட்டிருந்தார்கள். மேசையில் ஒவ்வொன்றாகச் சமைத்து மூடி வைத்திருந்தார்கள். பொரித்த மீன் மட்டும் ஆறட்டும் என்று திறந்திருந்தது.

தட்டு நகரும் சத்தம் கேட்டுத் திரும்பினோம். மேசை மேல் எங்கள் பூனை நின்றது. வேலிச் சந்து வழியாக என் பின்னாலேயே வந்திருக்கிறது. முக்காலி, பெஞ்சு, மேசை என்று படிப்படியாக ஏறியிருக்கிறது. வாயில் ஒரு முழு மீன். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று இருந்த பூனை, ஊரே பார்க்க மீனைத் தூக்கிக்கொண்டு நின்றது. யாரும் அதட்டவில்லை, அவ்வளவு திகைப்பு. அது ஏறிய வழியிலேயே, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி, பெஞ்சுக்கடியில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது.

காலையிலிருந்து சமைத்த அத்தனையும் போயிற்று. ஒரு பெரியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். கையில் மிளகாயோடு எழுந்த எனக்குப் பேச்சு வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்த நாட்கள் குறைவு.

மாமி மீனைப் பார்க்கவில்லை. பூனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி ஏறிச்சு?" என்றார்.

"வலி கொறஞ்சிருக்கு மாமி. கொஞ்சம் கொஞ்சமா ஏறும்."

மாமி பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய கிழப்பூனை வழக்கம்போல அடுப்புக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. "எங்க அம்மாவோட பூனை மேசையப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கும்" என்றார் மெதுவாக. "இதுவும் அப்படித்தான். நாங்க மெச்சிக்கிட்டே இருந்தோம். கெசியான்." பாவம் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது. இரண்டு தடவை சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "ஒம் பூனைக்கு மூத்தவங்களுக்கு முன்னாலயே பசி வந்துருச்சு. மீன் வாங்க ஆள அனுப்பு, நாக்" என்றார். நாக் என்று கேட்டதும் நான் மிளகாய்க் கையோடு அழுதேன், கண் எரிச்சலும் சேர்ந்துகொண்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

மறுபடி முதலிலிருந்து சமைத்தோம். என் வீட்டுக்காரரைக் கடையிலிருந்து வரவழைத்து மீன் சந்தைக்கு விரட்டினேன். அத்தனை வேலையிலும் யாருக்கும் அலுப்பில்லை, பேச்சும் சிரிப்புமாக இருந்தது. எங்கள் பூனையை மட்டும் வீட்டில் வைத்துப் பூட்டினோம். மறுநாள் கிழப்பூனையை மாமியே கூடையில் தூக்கிக்கொண்டு என்னோடு வைத்தியரிடம் வந்தார். இதற்கு நோவு இன்னும் கூட, ஆனாலும் காலம் கடந்துவிடவில்லை என்றார் வைத்தியர். மாமிக்கு அவர் தமிழ் புரியவில்லை, நான் மலாயில் சொன்னேன். "இத்தன வருசம் ஒண்ணுமே சொல்லாம இருந்திச்சே" என்று பெச்சாவில் வரும் வழியெல்லாம் கூடைக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டே வந்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மகளைச் சிரம்பானுக்கு வழியனுப்ப எல்லோரும் வாசலில் கூடினோம். அந்தக் குடும்பத்திலிருந்து மடியில் குட்டி இல்லாமல் போகும் முதல் பெண் அவள்தான். உறவுக்காரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள், மாமி காதில் வாங்கவில்லை. பெண் காரில் ஏறி உட்கார்ந்தாள். அதுவரை அழாதவள் கதவைச் சாத்தியதும் அழுதாள். வண்டி புறப்பட்ட பிறகு கார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஊரே கேட்கும்படி அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்.

"அம்மா, பூனைக்கு ஒத்தடம்! உப்பு சூடா இருந்தா வைக்காதீங்க, கன்னத்துல வச்சுப் பாருங்க!"

வண்டி போய்விட்டது. மாமி உள்ளே போனார். கல்யாணத்துக்காகத் தான் உடுத்திய கெபாயாவைக்கூட மாற்றாமல், பொங்கிப் பொங்கி அழுதுகொண்டே சட்டியில் உப்பை அள்ளிப் போட்டார். நான் அடுப்பை மூட்டினேன்.